எட்டாவது பாட்டு

ஜெக்கரியா துபாய்க்கு விமானம் ஏறிப் போய்ச் சேர்ந்தார். அவருடைய குரல் மட்டும் கூத்தாநல்லூரிலேயே தங்கிவிட்டது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம், குறுவை அறுப்பு நேரம். அவர் பாடிவந்த வெண்ணாறு இன்னிசைக் குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்கு ஏழு பாட்டுகள் தஞ்சாவூரில் பதிவாகியிருந்தன. எட்டாவதைப் பாடுவதற்குள் விசா வந்துவிட்டது. மறுநாள் ஒத்திகையில் குழுத் தலைவர் குணசேகரன் மைக்கைப் போட்டதும், ஆளில்லாத இடத்திலிருந்து ஜெக்கரியாவின் குரல் பாடியது. கீபோர்டில் இருந்த குணசேகரன் சுருதி சேருகிறதா என்று மட்டும் பார்த்தார். சேர்ந்தது.

அதன்பிறகு குழுவுக்கு நல்ல காலம். முதல் ஆல்பமான ‘கடைமடைத் தென்றல்’ பட்டுக்கோட்டை பஸ்களிலெல்லாம் ஓடியது. கல்யாணம், சந்தனக்கூடு, மாரியம்மன் திருவிழா என்று மேடை ஒழியவில்லை. நடுவில் தனியாக நிற்கும் மைக்குக்கு ஜனங்கள் மாலை போட்டார்கள். இரண்டாவது ஆல்பம் எப்போது என்று கேட்டால் மட்டும், “ஒரு பாட்டு பாக்கி இருக்குங்க” என்பார் குணசேகரன். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற குணம் ஜெக்கரியாவுக்குக் கிடையாது. பாட்டு முடிந்தால் குரல் கிளம்பிவிடும், குழுவும் படுத்துவிடும். அதனால் மூன்று வருஷம் முடிக்காமலே இழுத்தார்.

துபாய்க் கிடங்கில் ஜெக்கரியா சைகையால் காலம் தள்ளினார். அப்போதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். அவரும் கொடுத்துவிட்டார். அவர் மனைவி தஹ்மீனா ஒருநாள் அந்தக் கேசட்டோடு ஒத்திகைக்கு வந்தாள்.

“கேளுங்கண்ணே.”

குணசேகரன் போட்டார். ஃபேன் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார். மறுபடி ஃபேன்.

“ஊருக்கெல்லாம் பாடுறாங்க. எனக்கு ஒரு சலாம் சொல்லக் குரல் இல்ல” என்றாள் தஹ்மீனா.

“கொடுத்துவச்சவம்மா நீ, வீட்ல சண்டையே வராது” என்றார் தபேலா இராஜாங்கம்.

“உங்க வீட்ல இப்புடி ஆகட்டும்ண்ணே, அப்பத் தெரியும்.”

அவள் போன பிறகு இராஜாங்கம் தலைவர் பக்கம் திரும்பினார்.

“குரலு போனா குழு அவ்வளவுதான், தலைவரே.”

“தொண்டையச் செருமுனான் கேட்டியா? பேச ஆரம்பிக்கிற மாதிரியே செருமுறான்யா.”

அடுத்த வாரமே தஞ்சாவூரில் எட்டாவது பாட்டைப் பதிந்தார்கள். குரல் ஒரே மூச்சில் பாடி முடித்தது. அதற்கப்புறம் மைக்கில் வெறும் இரைச்சல். ஆல்பம் வெளியான அன்று சாயங்காலம், தஹ்மீனா வீட்டுக்குப் பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு துபாயிலிருந்து போன் வந்தது. குணசேகரன் வெளியே பெஞ்சில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எங்க போயிருந்தீங்க மச்சான் இவ்வளவு நாளா?” என்று தஹ்மீனா அதட்டுவது கேட்டது.

“கூத்தாநல்லூர்லதான் புள்ள இருந்தேன்” என்றார் ஜெக்கரியா. கொஞ்சம் தொண்டை கட்டியிருந்தது, தூரப் பயணம். குணசேகரன் எழுந்துபோய் ஒரு டீ சொன்னார். வெகுநாளைக்கப்புறம் டீ ருசித்தது.

மூன்றாவது ஆல்பத்தில் இராஜாங்கத்தின் மச்சான் பாடினார். சுமாராகத்தான் போயிற்று, ஆனாலும் குழு படுக்கவில்லை. பின்னால் இராஜாங்கமும் அடுத்த ஆல்ப வேலை அரைகுறையாக இருக்கும்போதே சிங்கப்பூர் போனார். ஒத்திகைக் கொட்டகையில் தபேலா தானாக அதிர்ந்தது. குணசேகரன் பாக்கிப் பாட்டுகளை அன்றைக்கே பதிய ஏற்பாடு செய்து, “சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்புய்யா, அங்க கையில்லாம தவிப்பே” என்றார். பொழுது சாய்வதற்குள் தபேலா அடங்கிவிட்டது.