சங்கு கேட்ட குரல்

சித்திரை பொறந்தா தூத்துக்குடி விசைப்படகுக்காரங்களுக்குக் கை சும்மா இருக்கும், வாய் சும்மா இருக்காது. மீன் குஞ்சு பொரிக்கட்டும்னு அரசாங்கம் கடலைப் பூட்டி வச்சிருக்க, படகெல்லாம் கயித்துல கட்டிக் கெடக்க, ஆம்பளை என்ன செய்வான்? கிருபாநிதி அண்ணாச்சி டீக்கடை பெஞ்சில வந்து உக்காந்து குதிரையைப் பத்திப் பேசுவான். கோயில் கொடை சீசன் ஆரம்பிக்கிற நேரம் பாத்துக்கிடுங்க. கொடைன்னா குதிரை வண்டிப் பந்தயம் இல்லாம இருக்குமா? கொடி கட்டுன எடத்துல கெளம்பி, எல்கைக் கல்லைச் சுத்தி, திரும்பக் கொடிக்கு வரணும். இவ்வளவுதான் பந்தயம். இதுக்கு இவனுவ பேசுத பேச்சு இருக்கே, சட்டசபையில கூட அவ்வளவு நடக்காது.

அந்தப் பெஞ்சுக்கு ராசா பர்னபாஸ். விசைப்படகு டிரைவர். பெண்டாட்டி பிளாரன்ஸ் பேரு மறந்தாலும் மறப்பான், போன வருசம் எந்தக் கொடையில எந்தக் குதிரை எத்தனாவதா வந்துதுங்கது மறக்க மாட்டான். இந்த வருசம் வேம்பார் சிட்டு எல்கை வரைக்கும் பறக்கும், திரும்பும்போது மூச்சு வாங்கும்னான். ஏரல் செவலைக்குச் சாரதி மாறியாச்சு, புது மாப்பிள்ளை புது வீடு மாதிரி ரெண்டும் ஒண்ணையொண்ணு முழிச்சுப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கும்னான். ஆலந்தலைக்காரன் மைசூர்ப் பக்கம் போயி ஒரு கருப்பு வாங்கிட்டு வந்திருக்கானாமே, அதுதான் பயம்னு ஒருத்தன் சொன்னதுக்கு, கருப்புக்கு வெயில் ஆகாது, நம்ம ரோட்டுல காலு வைக்கட்டும் பாப்போம்னு சிரிச்சான். எல்லாக் குதிரையும் பேசி முடிச்சப்புறம் டீ கிளாஸைக் கீழ வைப்பானுவ. அடுத்து யாரைப் பத்திப் பேசணும்னு எல்லாருக்கும் தெரியும். யாரு ஆரம்பிக்கதுன்னுதான் தெரியாது.

சங்கு.

மாடக்கண்ணு வளத்த குதிரை அது. மாடக்கண்ணு உப்பளத்துல மூடை தூக்குதவன், பர்னபாஸுக்கு உசுருக்கு உசுரான சேக்காளி. நெத்தியில வெள்ளையா சங்கு மாதிரி ஒரு சுழி இருந்துதுன்னு குட்டிக்கு அந்தப் பேரை வச்சான். சங்குன்னா பேரு வைப்பான், ஊதிருவானுவவேய்னு கிருபாநிதி அண்ணாச்சி திட்டுனாரு. ஜெயிச்சா ஊதத்தான அண்ணாச்சி செய்யணும்னு சொல்லிட்டுப் போயிட்டான். அவன் கையில சாட்டை கெடையாது. சாட்டை பிடிச்சவன் சாரதி இல்ல, சண்டைக்காரன்னு சொல்லுவான். எல்லாம் தொண்டைதான். "வாலே ராசா, வாலே ராசா"ன்னு அடிவயித்துல இருந்து ஒரு சத்தம் குடுப்பான். சங்கு காதைப் பின்னால மடக்கிக்கிட்டுப் பறக்கும். பக்கத்துலயே பர்னபாஸ் தன்னோட பழைய யமஹாவுல டப டபன்னு வருவான். பின்னால ஒருத்தன் உக்காந்து செல்லுல வீடியோ எடுப்பான். கொடியைத் தாண்டுனதும் மாடக்கண்ணு கயித்தை இழுக்கக்கூட மாட்டான், சத்தத்தைத் தணிச்சு ஒரு வார்த்தை சொல்லுவான். அதோட சங்கு நின்னுரும். போன வருசம் நடுக்குதிரைப் பிரிவுல சங்குவுக்கு எதிரே ஆள் இல்ல. இந்த வருசம் பெரிய குதிரையில எறக்கணும்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தானுவ.

கார்த்திகை மழையில ஒருநாள் புல்லறுக்கப் போன மாடக்கண்ணு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் புல்லுக்கட்டு மேலயே சாஞ்சுட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகுத வழியிலயே முடிஞ்சு போச்சு. பாடி வீட்டுக்கு வருமுன்னால, ஆளுக கூடுததுக்கு எடம் வேணும்னு பர்னபாஸ்தான் சங்குவை ஓட்டிக்கிட்டுப் போயி ஐஸ் கம்பெனிக்குப் பின்னால கட்டுனான். எல்லாம் முடிஞ்சு பந்தலப் பிரிச்சப்புறந்தான் திரும்பக் கொண்டு வந்து விட்டான். அது நேரா வாசல்ல போயி நின்னு உள்ள எட்டிப் பாத்துது. பர்னபாஸுக்கு அன்னைக்கு அழுகை வந்துது. சேக்காளி போனதுல பாதி, இந்தக் குதிரையாவது இருக்கேங்கதுல மீதி.

மாடக்கண்ணு பெண்டாட்டி செல்வராணி இறால் கம்பெனிக்குப் போறவ. காலையில கொள்ளு வச்சுட்டுப் போவா, சாயங்காலம் வந்து தண்ணி காட்டுவா. பங்குனி கடைசியில அவ பர்னபாஸைக் கூப்பிட்டுத் தீர்மானமாச் சொல்லிட்டா. ஓடுத குதிரையக் கட்டிப் போட்டு வச்சா அதுக்கும் பாவம், எனக்கும் பாவம். சீசனோட மொதப் பந்தயம் வேம்பார்ல வருதுல்லா, அதுல ஓடுனா இருக்கட்டும், வருசா வருசம் நீங்களே ஓட்டிக்கிடுங்க. ஓடலைன்னா திருச்செந்தூர்க் கடக்கரையில பிள்ளையள ஏத்தி நடத்துதவன் ஒருத்தன் கேக்கான், கொடுத்துருதேன்னா.

பர்னபாஸ் அதை நெனச்சுப் பாத்தான். மணல்ல வெயில்ல, கழுத்துல பிளாஸ்டிக் பூ மாலையும் கால்ல சலங்கையுமா சங்குவா? ஆலந்தலையில இருந்து நேசக்குமாரைக் கூட்டிக்கிட்டு வந்தான். நல்ல சாரதி, கை பதமான கை. சங்குவை வண்டியில பூட்டி உப்பள ரோட்டுல விட்டா, அது சாவு ஊர்வலத்துக்குப் போற மாதிரி நடக்குது. நேசக்குமாரும் மாடக்கண்ணு மாதிரியே கத்திப் பாத்தான். அது திரும்பி அவன் மூஞ்சியப் பாத்துட்டு முன்னால திரும்பிக்கிட்டுது. டீக்கடையில விசயம் தெரிஞ்சு போச்சு. இந்த வருசம் சங்கு இல்லவேய், சிட்டுதான்னு பேச ஆரம்பிச்சுட்டானுவ. பர்னபாஸ் பாதி டீயை வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டான்.

அப்பத்தான் அந்த வினை நடந்துது. ஒருநாள் சாயங்காலம் செல்வராணி வேலையில இருந்து வாரதுக்கு முன்னால, பர்னபாஸ் அவ வீட்டு முத்தத்துல சங்குவுக்குப் புல்லைப் போட்டுட்டு, பக்கத்துல உக்காந்து செல்லுல போன வருசத்து வீடியோவைப் போட்டான். தினமும் தன் வீட்டுல வச்சுப் பாக்கதுதான் அவனுக்கு. ஆனா கொடி வாரதுக்கு முன்னாலயே நிப்பாட்டிருவான். கடைசியில மாடக்கண்ணு சிரிக்கது வரும், அதப் பாக்க அவனால முடியாது. அன்னைக்கு செல்லுக்குள்ள இருந்து "வாலே ராசா"ன்னு சத்தம் வந்ததும், புல்லத் தின்னுக்கிட்டிருந்த சங்கு வெடுக்குன்னு தலையத் தூக்குச்சு. உடம்பெல்லாம் புல்லரிச்சு நின்னுது. பர்னபாஸுக்கு மனசுல மின்னல் வெட்டுன மாதிரி ஆயிப்போச்சு. பனிமய மாதாவே, நீயே காட்டிக் குடுத்தியன்னு கும்பிட்டான். மாதா எங்க காட்டுனா? இவன் ஆசைதான் காட்டுச்சு.

மறுநாளே புளூடூத் ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கி வண்டிச் சட்டத்துக்கு அடியில கட்டுனான். செல்லு அவன் பைக்குல, சத்தம் வண்டியில. செத்தவன் சத்தத்தோட வெளையாடாதீயன்னு குசினிக்குள்ள இருந்து பிளாரன்ஸ் சொன்னது காதுலயே ஏறல. விடிஞ்சும் விடியாம உப்பள ரோடு. நேசக்குமார் கயித்தப் பிடிக்க, பர்னபாஸ் பட்டனை அமுக்க, மாடக்கண்ணு கூப்பிட்டான். ஐயோ, சங்கு ஓடுன ஓட்டம்! உப்பு அம்பாரமெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பின்னால போகுது, பர்னபாஸ் யமஹாவை முறுக்குதான், கண்ணுல இருந்து தண்ணி காதுக்கு ஓடுது. என் மாடக்கண்ணு வந்துட்டாம்லேன்னு தன்னால கத்துதான். கொஞ்ச தூரந்தான் ஓட்டுனானுவ, முட்டிக்கு வேலை குடுக்கக்கூடாதுன்னு. ஒரு வாரம் இதே வேலை. செல்வராணிகிட்ட மட்டும் மூச்சு விடல. அவ காதுல அந்தச் சத்தம் விழுந்தா என்ன ஆவாளோன்னு பயம் அவனுக்கு.

டீக்கடைக்கு உசுரு வந்துது. பெரிய குதிரைல சங்கு மொத எடம், எழுதி வச்சுக்கிடுங்கன்னான் பர்னபாஸ். அதுல ஒரு விசயத்த ஒரு பயலும் கவனிக்கல. வண்டிய அவுத்ததும் சங்கு பின்னால திரும்பி, சாரதி உக்காருத பலகையை மோந்து பாக்கும். சட்டத்துக்கு அடியில மோந்து பாக்கும். சுத்திச் சுத்தி வரும். காலையில வச்ச கொள்ளு சாயங்காலமும் அப்படியே கெடக்கும். கிருபாநிதி அண்ணாச்சி மட்டும் ஒருநாள் பாத்துட்டு, அது சாப்பிடுதா இல்லையாவேய்னு கேட்டாரு. பந்தயத்துக்கு முன்னால வயிறு எளச்சாத்தான் காலு எழும்பும்னு பர்னபாஸ் சொல்லிட்டான். கூட இருந்தவனும் ஆமா ஆமான்னான். குதிரைப் பைத்தியத்துக்கு எதப் பாத்தாலும் பந்தயந்தான் தெரியும். அழுத குதிரையப் பாத்தாக்கூட வேர்க்குது, நல்லதுன்னு சொல்லுவானுவ.

வேம்பார்க் கொடையில கூட்டம்னா கூட்டம். கடக்கரை ரோட்டுல ரெண்டு பக்கமும் பனை மரத்து மேலகூட ஆளு. பெரிய குதிரைக்குக் கொடி ஆட்டுனதும் பர்னபாஸ் பட்டனை அமுக்கிட்டு பைக்கை முறுக்குனான். சங்கு மொத வளைவுலயே செவலையத் தாண்டிருச்சு. கருப்பு எல்கைக்கு முன்னாலயே விட்டுக் குடுத்துது. எல்கைக் கல்லைச் சுத்தும்போது சிட்டு மட்டுந்தான் பக்கத்துல. திரும்புன ரோட்டுல அதும் பின்னால போச்சு. "வாலே ராசா, வாலே ராசா." சனம் கத்துத கத்துல கடல் சத்தமே கேக்கல. செத்தவன் ஓட்டுதாம்லேன்னு எவனோ சொன்னது பர்னபாஸ் காதுல விழுந்து, அவன் நெஞ்சு பொங்கிப் போச்சு. முன்னால வெறும் ரோடு. அங்கன தூரத்துல கொடி தெரியுது.

செல்லுல ஓடுனது போன வருசத்து நடுக்குதிரை வீடியோ. நடுக்குதிரைக்குத் தூரம் கம்மி, பெரிய குதிரைக்கு அதிகம். இது தெரியாதவனா பர்னபாஸ்? தெரியும். எல்கை திரும்புத வரைக்கும் சத்தம் இருந்தாப் போதும், அப்புறம் அது தன்னால ஓடும்னு நெனச்சான். மாடக்கண்ணு போனப்புறம் கடைசி வரைக்கும் ஒருநாளும் அந்த வீடியோவை அவன் ஓட விட்டதில்ல. அதனால அதுல அடுத்து என்ன வரும்னு அவனுக்கு அந்த நேரம் வரைக்கும் தோணவே இல்ல.

வண்டிக்கு அடியில மாடக்கண்ணு சிரிச்சான். சத்தத்தைத் தணிச்சுச் சொன்னான்.

"போதும்லே மக்கா. வீட்டுக்குப் போவோம்."

சங்கு நின்னுட்டுது.

பாதி ரோட்டுல, எல்லாத்துக்கும் முன்னால, அப்படியே நின்னுட்டுது. நேசக்குமார் கயித்த உலுக்குதான், கெஞ்சுதான், அது அசையல. சிட்டு பறந்து போச்சு. செவலை போச்சு. கருப்புகூட போச்சு. சங்கு கழுத்த வளைச்சுப் பின்னால பாத்துக்கிட்டு நின்னுது. யாராவது எறங்கி வந்து கழுத்தத் தடவிக் குடுப்பாங்கன்னு காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி நின்னுது. பர்னபாஸ் பைக்கைப் போட்டுட்டு ஓடி வந்தான்.

கூட்டத்த விலக்கிக்கிட்டு செல்வராணி வந்தா. வரமாட்டேன்னு சொன்னவதான், மனசு கேக்காம பஸ் ஏறி வந்து ரோட்டு ஓரத்துல நின்னிருக்கா. அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டுட்டுது. வண்டியச் சுத்திப் பாத்தா. குனிஞ்சு அடியில பாத்தா. ஸ்பீக்கரைப் பாத்ததும் எல்லாம் புரிஞ்சுபோச்சு.

"அண்ணே, இன்னொருக்கா போடுங்க."

பர்னபாஸ் அந்தக் கடைசித் துண்டைப் போட்டான். போதும்லே மக்கா, வீட்டுக்குப் போவோம். செல்வராணி கண்ண மூடிக் கேட்டா. சங்கு பலகையை மோந்துட்டு, நேசக்குமாரை மோந்துட்டு, திரும்பவும் பலகைக்கே வந்துது. அவ கண்ணத் தெறந்து அதப் பாத்துக்கிட்டே கேட்டா, எத்தனை நாளா இதுன்னு. ஒரு வாரமாத்தான்னு சொன்னான் பர்னபாஸ்.

"அவரு செத்தது எனக்குத் தெரியும்ணே. உங்களுக்கும் தெரியும். இதுக்கு யாரு சொன்னா? தினமும் காலையில அவரு வந்துட்டாருன்னுல்லா இதுகிட்ட சொல்லியிருக்கிய."

பர்னபாஸ் ரோட்டுலயே உக்காந்துட்டான். அத்தனை சனத்துக்கு முன்னால, மார்ல அடிச்சுக்கிட்டு அழுதான். அவ அவனத் திட்டல. திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துது அவனுக்கு. நேசக்குமாருகிட்ட வண்டிய அவுக்கச் சொல்லிட்டு, சங்கு நெத்திச் சுழியில கையை வச்சுக்கிட்டே சொன்னா, திருச்செந்தூர்க்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிருங்க, இதும் நானும் எப்படியோ கெடந்து பழகிக்கிடுதோம்னு. பர்னபாஸ் தலையாட்டுனான். குதிரை தப்பிச்சுதேன்னு மூச்சு விடுததுக்குள்ள அவ அவன் பக்கம் திரும்புனா.

"நீங்க கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதீங்கண்ணே. கோவத்துல சொல்லல. உங்க பைக் சத்தம் கேட்டாலே அது அவரத் தேடுது."

கயித்தப் பிடிச்சுக்கிட்டு ரெண்டடி நடந்தவ நின்னா. "எனக்கும் அப்படித்தான்"னா.

அப்புறம் சங்குவைக் கூட்டிக்கிட்டு, மினிலாரி நின்ன பனங்காட்டுப் பக்கமா நடந்தா. கொடிப் பக்கம் மைக்குல சிட்டு மொத எடம்னு சொன்னான், வெடி போட்டானுவ, கூட்டமெல்லாம் அங்கன ஓடிப் போச்சு. பர்னபாஸ் எந்திரிச்சு வண்டிக்கு அடியில இருந்த ஸ்பீக்கரை அவுத்துச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டான். கீழ கெடந்த யமஹாவ நிமுத்துனான். கிக்கர்ல வச்ச காலை எடுத்துட்டான். லாரியில ஏத்துத எடத்துல சங்கு இன்னும் ஏறாம திரும்பித் திரும்பி ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னுது. அந்த லாரி கெளம்பி, சத்தம் கேக்காத தூரத்துக்குப் போறது வரைக்கும், பர்னபாஸ் பைக்கை ஸ்டார்ட் பண்ணாம வெயில்ல தள்ளிக்கிட்டே நடந்தான்.