ஜெஸ்னாவின் சாவியில் உள்ளே போனவள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கருணையில் பிறக்கவில்லை, எரிச்சலில் பிறந்தது. குமுளியில் என் வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் பழைய கதைகளைப் போட்டுவைக்க ஒரு கிளவுட் சர்வர் எடுத்தேன். எங்கோ மும்பையில் கிடக்கிற கம்ப்யூட்டர் அது. அதற்குள் போக ஒரு ஜோடிச் சாவி வேண்டும். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் ஜோடி உண்டாகும். ஒன்று பொதுச் சாவி. அது சர்வரில் போய் பூட்டு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மற்றது தனிச் சாவி. அது நம்மிடம் இருக்கவேண்டியது. இருபத்தைந்து வரிக்குப் புரியாத எழுத்தாக அதை ஒரே ஒரு முறைதான் காட்டுவார்கள். நான் அதைக் கோப்பில் சேமிக்காமல், 'அடேயப்பா' என்று பார்த்துவிட்டுத் திரையில் அந்த ஜன்னலை மூடினேன். போயிற்று. சர்வர் கொடுத்தவர்களிடமும் நகல் கிடையாதாம்.

என் முட்டாள்தனத்தை என் பேரிலேயே எழுத வெட்கமாக இருந்தது. ஜெஸ்னா என்று ஒரு பெண்ணை உண்டாக்கி அவள் தலையில் கட்டினேன்.

2

தொடக்கங்கள்:

'மூடுபனி பீர்மேட்டின் தேயிலைச் சரிவுகளைத் தழுவிக்கொண்டு—' (அடித்துவிட்டேன். பீர்மேட்டில் இருப்பவர்கள் மூடுபனியை ரசிப்பதில்லை. துணி காயவில்லை என்பார்கள்.)

'ஜெஸ்னாவுக்கு இருபத்தாறு வயது. கண்களில் கனவுகள்—' (இதற்கு மேல் எழுதக் கை கூசியது.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜெஸ்னா எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றிலிருந்து, கொச்சிக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். ஏலக்காய் விவசாயிகளின் போனுக்கு மழை அளவையும் மருந்தடிக்கத் தோதான நாளையும் குறுஞ்செய்தியாக அனுப்பும் சர்வரை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அவளும், அடுத்த லயத்தில் இருக்கும் அவளுடைய கல்லூரித் தோழி நிமியும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இருவருக்கும் ஆறு மாதச் சோதனைக் காலம். அது முடிந்ததும் ஒருத்திக்குத்தான் வேலை நிரந்தரமாகும். அம்மா ரோசி அடுத்த வருடம் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். இந்த வேலை கிடைத்தால்தான் பீர்மேட்டு டவுனில் ஒரு வீடு பிடிக்கலாம். ஜெஸ்னாவுக்கு இருக்கிற கனவு இவ்வளவுதான், ஓடு ஒழுகாத ஒரு வாடகை வீடு.

3

வேலையில் சேர்ந்த முதல் வாரம் என்னைப் போலவே அவளும் சாவியைத் தொலைத்தாள். (நான்தான் தொலைக்க வைத்தேன்.) சாவி திரையில் வந்து நின்ற நேரத்தில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் கரண்ட் போய், பேட்டரி செத்த லேப்டாப் அணைந்திருந்தது. பழைய ஜோடியை அழித்துப் புது ஜோடி உண்டாக்கினாள். இந்த முறை திரையில் காட்டாமல் நேராகக் கோப்புக்குள்ளேயே இறக்கினாள். அப்புறம், தன்னைத் தவிர வேறு யாரும் அந்தக் கோப்பைப் படிக்க முடியாதபடி இன்னொரு கட்டளை கொடுத்தாள். அப்படிச் செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் அந்தச் சாவியை ஏற்காமல் முரண்டு பிடிக்கும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்துவிட்டு, அதே கோப்பை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து நிமியிடம் கொடுத்தாள்.

நகரத்து வாசகர் இங்கே தலையில் அடித்துக்கொள்வார். கொஞ்சம் பொறுங்கள். ரோசிக்கு எஸ்டேட் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தையோடு வீட்டுச் சாவியையும் அவளிடம்தான் விட்டுப்போவார்கள். அங்கே ஒரு பலகையில் இருபத்திரண்டு ஆணி, இருபத்திரண்டு சாவி. மழை வந்தால் யாராவது ஒருத்தி வந்து சாவியை எடுத்து, பக்கத்து வீட்டைத் திறந்து, கொடியில் கிடக்கும் துணியை உள்ளே போடுவாள். சாயங்காலம் அதைப் பற்றி இரண்டு பேருமே பேசமாட்டார்கள். சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறவளை அந்த லயத்தில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

மகள் தயங்கியபோது ரோசி கேட்டது இது: "கம்பெனிச் சாவியா இருந்தா என்ன? நீ ஆஸ்பத்திரிக்குக் கீஸ்பத்திரிக்குப் போயிட்டா எவ தொறப்பா?"

ஜெஸ்னாவுக்கு அது நியாயமாகப் பட்டது. (எழுதும்போது எனக்கும் பட்டது. அங்கேதான் கோட்டை விட்டேன்.)

4

ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டி வந்தது. ரோசிக்கு வலது கண்ணில் புரை. தேனியில் ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை காலை, பஸ் குமுளி மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஜெஸ்னாவின் போனில் சிக்னல் இல்லை. அந்த நேரத்தில் சர்வரில் பழைய பதிவுகள் குவிந்து இடம் தீர்ந்து, குறுஞ்செய்தி நின்றுபோனது. மதியம் கனமழை என்கிற செய்தி யாருக்கும் போகவில்லை.

நிமிக்கு சர்வருக்குள் போக அனுமதி கிடையாது. விவசாயிகளின் புகார்களைக் கேட்டு எழுதி வைப்பதுதான் அவள் வேலை. அன்று புகார் மேல் புகார். ஜெஸ்னாவுக்கு ஆறு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து பென் டிரைவை எடுத்தாள். ஜெஸ்னாவின் சாவியால் உள்ளே போய், பழைய பதிவுகளைத் துடைத்து, எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டு வெளியே வந்தாள். பன்னிரண்டு நிமிடம்.

சாயங்காலம் ஜெஸ்னாவிடம் ஒரே வரியில் சொன்னாள். "நின்னு போச்சுடி, நான் எடுத்து ஓட்டிட்டேன். சாரமில்ல, பரவால்ல, நீ அம்மாவப் பாரு."

(இங்கே எனக்கு நிமியின் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவளா? 'நிமி உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டபடியே—' என்று தொடங்கிப் பார்த்தேன். பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் முகம் அதற்கு ஒத்துவரவில்லை. நல்லவள் என்றே விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம்தான், அப்போது தெரியவில்லை.)

5

ஆனந்தகுமார் இவர்களுடைய டீம் லீடர். கிழக்குப் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். தென்னந்தோப்புக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு கொச்சிக் கம்பெனியை நடத்துகிறவர். செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாணத்தில் இருந்தார். புதன்கிழமை, சர்வருக்குள் யார் போனார்கள் என்கிற பதிவைப் பார்த்தால், உள்ளே போனது ஜெஸ்னாவின் சாவி. உடனே போன் போட்டார்.

"ஏனுங்க ஜெஸ்னா, அம்மாளுக்கு ஆப்பரேசன் நடக்கறப்பவே உக்காந்து சரி பண்ணிப்போட்டீங்களே! சாமர்த்தியமுங்க. நானா இருந்தா கைகால் ஓடியிருக்காதுங்க."

"இல்ல சார், அது..."

"அடக்கமெல்லாம் வேண்டாமுங்க. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள என்ன ஆச்சு, ஆரு பண்ணுனதுன்னு ரிப்போர்ட் எழுதி அனுப்பீருங்க. வெள்ளிக்கிழமை நான் மேல பேசறதுக்கு அது ஒண்ணு போதுமுங்க."

வெள்ளிக்கிழமைதான் சோதனைக் காலம் முடிகிற நாள்.

அன்று ஜெஸ்னாவுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டுப்போட்ட கண்ணோடு ரோசி "என்னட்டி?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா." ஒருத்தியின் வேலையைத் தன் பேரில் வாங்கிக்கொள்வது திருட்டு என்று அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் சாவியைக் கைமாற்றிய குற்றத்துக்கு இரண்டு பேருக்குமே வேலை போகும் என்பதும் தெரியும். சேர்ந்த நாளிலேயே விதிமுறைத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.*

* அந்தத் தாளை முழுக்கப் படித்தவர் யாரும் இல்லை, நான் உட்பட.

6

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருந்தேன்.

அ) ஜெஸ்னா வாயைத் திறக்கவில்லை. வேலை கிடைத்தது. டவுனில் வீடு பிடித்தாள். நிமி பால் காய்ச்சுகிற அன்றைக்கு வந்து பாத்திரம் கழுவினாள். உலகத்தில் நடக்கிற முடிவு இதுதான். எழுதிவிட்டு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஆ) ஜெஸ்னா எல்லாவற்றையும் சொன்னாள். ஆனந்தகுமார் நெகிழ்ந்துபோய் இரண்டு பேரையும் நிரந்தரமாக்கினார். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே கிழித்தேன். ஒரு நாற்காலி போடுகிற கம்பெனி ஒரு நாற்காலிதான் போடும்.

இ) சொன்னாள். ஆனந்தகுமார் "மனசுக்குச் சங்கடமாத்தானுங்க இருக்குது. ஆனா சாவி விசயத்த ஒருக்கா உட்டா நாளைக்கு ஆரு கேப்பாங்க?" என்றார். இரண்டு பேரும் வெளியே. இது நேர்மையான முடிவு என்று நினைத்து இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மூன்றையும் சேர்த்துப் படித்தேன். ஒன்றிலும் நிமி வாயே திறக்கவில்லை. வேலை செய்தவள் அவள். போகப்போவது அவளுக்கும்தான். நானும் ஜெஸ்னாவும் ஆனந்தகுமாரும் அவளை வெளியே நிறுத்திவிட்டு மும்முரமாகப் பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது. எனக்கு முன்னாலேயே அது ஜெஸ்னாவுக்கு உறைத்துவிட்டது.

7

வியாழக்கிழமை சாயங்காலம், நாலரை மணி. 'யார் செய்தது' என்ற கட்டத்தில் ஜெஸ்னா இப்படித் தட்டினாள்: 'அன்று உள்ளே போனது நான் இல்லை.' அதற்கு மேல் தட்டவில்லை. லேப்டாப்பைத் துப்பட்டாவுக்குள் பொதிந்துகொண்டு அடுத்த லயத்துக்கு நடந்தாள். தூறல்தான்.

நிமி கப்பைக்கிழங்கின் (மரவள்ளிதான்) தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லன்னு எழுதிட்டேன் நிமி. இன்னும் அனுப்பல. உன் பேரப் போடவா?"

"போட்டா ரெண்டு பேருக்கும் போவும்."

"போவும்."

"போடலன்னா உனக்குக் கெடைக்கும்."

"கெடைக்கும்."

நிமி கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "அன்னைக்கே சாரமில்லன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. நெசமாவா சொன்ன?"

நிமி கத்தியைக் கீழே வைத்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"எனக்கும் வேணும்டி அந்த வேல."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வரி வரும் வரை இது எனக்குத் தெரியாது. ஆறு பகுதி எழுதிவிட்டேன். அவளுக்கு ஓர் ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜெஸ்னாவுக்கும் தோன்றவில்லைபோல. அவள் லேப்டாப்பை நிமியின் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"அப்ப நீயே சொல்லு. என்ன எழுதணுமோ எழுது. நான் மாத்தமாட்டேன்."

நிமி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அஞ்சு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு முறை தப்பாக எழுதியவன் நான். அவள் என்ன தட்டுவாள் என்று இரண்டாம் முறை ஊகிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் உள்ளேயே உட்கார்ந்திருங்கள். ஆனால் யோசனை எதுவும் சொல்லாதீர்கள். அவர்கள் பேசி முடிக்கட்டும்.