தகரத்துக்கு இந்தப் பக்கம்

1

இந்தக் கதை என் சரக்கல்ல. மகள் பூங்குழலியின் இயற்பியல் புத்தகத்தில் வந்த கணக்கு. சூடு வெளியேறாத ஒரு பெட்டி. நடுவில் சூட்டைக் கடத்தும் தடுப்பு. ஒரு பக்கம் சூடான வாயு, மறுபக்கம் குளிர்ந்த வாயு. கடைசியில் என்ன ஆகும்? "ரெண்டும் ஒரே சூட்டுக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடப் போய்விட்டாள். எனக்குத்தான் பிரமிப்பு அடங்கவில்லை. ஒரு துகள்கூடத் தடுப்பைத் தாண்டுவதில்லை. இந்தப் பக்கத்துத் துகள்கள் மோதுகிற மோதலில் தடுப்பு அதிர்கிறது, அதில் அந்தப் பக்கத்துத் துகள்கள் வேகம் கொள்கின்றன. சூடு மட்டும் போய்ச் சேர்கிறது.

2

கொல்லிமலையில் மார்கழிக் குளிர் என்பது—

(வேண்டாம். வர்ணிக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன்.)

அந்த மலையில் வாழவந்தி நாடு என்ற ஊரில் முத்தனும் தம்பி முகேஷும் வீட்டைப் பாகம் பிரித்தார்கள். கனத்த மண்சுவர் வீடு. நடுவில் செங்கல் சுவர் வைத்திருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிச் செங்கல் வரும்வரை கோபம் பொறுக்குமா? கூரைக்கு வாங்கி மிஞ்சிய தகரத்தை நிறுத்திவிட்டார்கள்.*

அன்றோடு பேச்சு நின்றது. அடுப்பு முத்தன் பங்குக்கு வந்தது, தகரத்தை ஒட்டியே; தம்பி வீட்டுச் சமையல் வெளியே தாழ்வாரத்துக்குப் போனது. பிறகு முகேஷின் மனைவி ஆர்த்திக்குக் குழந்தை பிறந்தது, எடை குறைவாக. பார்க்க வந்த நர்ஸ் சொன்னது முத்தனின் மனைவி இருசாயிக்கும் கேட்டது.

"ஒடம்புச் சூடு கொறையக் கூடாதுங்க. கொறஞ்சா உசுருக்கே ஆபத்து."

* இந்தத் தவறு நடக்காவிட்டால் கதையே இல்லை.

3

அன்று சாயங்காலம் சோறு வடித்த பிறகும் இருசாயி விறகு வைத்தாள்.

"சோறுதான் ஆயிருச்சே, இன்னும் எதுக்கு?" என்றான் முத்தன்.

"மொளகு ஈரமா இருக்குதுங்க, காயணும்."

மிளகெல்லாம் எப்போதோ விற்றாயிற்று. அது அவனுக்கும் தெரியும். விறகெடுக்கக் கொல்லைக்குப் போனான்.

(கணக்குப்படி வெளியிலிருந்து விறகு வரக்கூடாது. கணக்கு கெட்டால் கெடட்டும்.)

இருசாயி இதைச் செய்வாளா என்று நான் சந்தேகப்பட்டேன். பாகம் பிரித்த அன்று ஆர்த்தியைப் பார்த்து "என்ற மூஞ்சில முழிக்காத" என்றவள். கணக்கில் வருவது நல்லியல்பு வாயு. அதன் துகள்களுக்குள் ஈர்ப்பும் இல்லை, விலக்கலும் இல்லை. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்களில் அப்படி யார் இருக்கிறார்கள்? சொன்ன சொல்லை இருசாயி திரும்ப வாங்கவில்லை. இன்னொரு விறகை வைத்தாள், அவ்வளவுதான்.

4

சண்டைக்காரர்கள் அங்கே நேராகப் பேசமாட்டார்கள். குழந்தையிடமோ கோழியிடமோ சாடையாகச் சொல்வார்கள், பெரும்பாலும் வசவுதான். அந்தப் பக்கம் தொட்டில் தகரத்தருகே நகரும் ஓசை கேட்டது. பிறகு ஆர்த்தியின் குரல்.

"பாரு சாமி, தகரம் கதகதன்னு இருக்குது. நல்லாத் தூங்கு. உன்ற பெரீம்மா அடுப்ப அணைக்காது."

இருசாயி தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் கையின் சூடு எது, தகரத்தின் சூடு எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

5

முடிவு ஒன்று: தகரத்தைப் பிடுங்கிக் கூரையில் போட்டார்கள். (பொய். இவர்கள் வீம்பு எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: விறகு தீர்ந்து, குழந்தை— (எழுதக் கை வரவில்லை.)

இப்போது இருசாயி பதில் சொல்ல வேண்டும். சாடையாகச் சொல்ல அவள் பக்கம் குழந்தை இல்லை. கோழியெல்லாம் தம்பி பங்குக்குப் போய்விட்டது. முத்தனும் கொல்லையில். நேராகத்தான் பேசியாக வேண்டும். அந்த முதல் வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நிதானமாக யோசியுங்கள். அதுவரை அடுப்பை அவள் பார்த்துக்கொள்வாள்.