மூன்றரைக் கிலோ

நியூசிலாந்தின் தென்மலைகளில் காட்டு ஆடுகள் பெருகி, முளைக்கும் செடியையெல்லாம் மேய்ந்துவிடுகின்றன. அவற்றைச் சுடும் குழுவில், அங்கே கால்நடை மருத்துவராக இருக்கும் எனக்கு இடம் கிடைத்தது. துப்பாக்கி அவரவர் வாங்க வேண்டும். எந்த எடையில் வாங்குவது? விடுமுறைக்கு நாமக்கல் வந்தபோதும் அதே யோசனைதான்.

அப்பா தங்கமுத்து லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார்.

"துப்பாக்கி நீளத்துக்கு இரும்புக் குழாய் ரெண்டு செஞ்சு குடுங்கப்பா. ஒன்னு ரெண்டரைக் கிலோ, ஒன்னு மூணரை. கொல்லிமலை ஏறிப் பாத்து முடிவு பண்றேன்."

"கோழிக்கு ஊசி போடப் படிச்ச புள்ளைக்கு எதுக்கு சாமி இந்த வேலை?"

ஆனாலும் செய்தார். முனையில் குறிபார்க்க ஓர் ஆணியைப் பற்றவைத்தும் கொடுத்தார்.

அடிவாரத்து டீக்கடைக்காரர் குழாயைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, மலை மேல போர் போடப் போறீங்களா?"

"தண்ணி வந்தா உங்களுக்கும் ஒரு கொடம் தாரேனுங்க."

முதல் நாள் பெரிய குழாய். பாதி வழியிலேயே தோள் விட்டுப்போனது. மறுநாள் சின்னதோடு உச்சிப்பாறை வரை ஏறி, எதிர்ச்சரிவில் இருந்த வெள்ளைக் கல்லைக் குறிபார்த்தேன். ஆணி அசையாமல் நின்றது.

கீழே அப்பா பைக்கோடு காத்திருந்தார். "சின்னதே போதுமுங்கப்பா. ரெண்டரைக் கிலோ."

"ஒரு கிலோ சேத்தியுமா ஏறிட்டே?" என்று வாய்விட்டுவிட்டார்.

ஒவ்வொரு குழாயிலும் ஒரு கிலோ இரும்புத்தூளைக் கூடுதலாக அடைத்திருக்கிறார்; நான் உச்சிவரை தூக்கியது மூன்றரை. "உங்கம்மா சொன்னா. மூச்சு வாங்கி எறங்குனா, ஆடு சுடப் போறேங்கறதை நீயே உட்டுருவேன்னு..."

சின்னக் குழாயின் மூடியைத் தட்டித் திறந்து, தூளை அவர் காலடியிலேயே கொட்டினேன். மறுபடியும் ஏறினேன். இப்போது உண்மையான இரண்டரைக் கிலோ. ஏறச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் குறிபார்த்தபோது ஆணி அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி ஆடியது.

காரணம் எளிது. மூச்சிரைக்கும்போது நெஞ்சின் ஒவ்வொரு துடிப்பும் கைவழியே குழாயின் முனைக்குப் போகிறது. லேசான பொருளை அது எளிதாக ஆட்டிவிடும். கனமானதை அசைக்கத் திணறும். சுடும்போதும் அப்படித்தான். துப்பாக்கி லேசாக இருந்தால் தோளில் உதை பலமாக விழும். ரொம்பக் கனமென்றாலோ உச்சிக்கே போய்ச் சேர முடியாது. அப்பா வாய்விட்டிராவிட்டால் ரெண்டரையை வாங்கிப்போய் ஒரு ஆட்டைக்கூடச் சுட்டிருக்க மாட்டேன்.

இறங்கி வந்து, அவர் பார்க்கப் பார்க்கவே துப்பாக்கிக் கடைக்குச் செய்தி அனுப்பினேன்: மூன்றரைக் கிலோ.

"அப்ப போறதுதானா?"

"போறேனுங்கப்பா. நீங்க சேத்த ஒரு கிலோவையும் தூக்கிட்டுத்தான்."

குழாயை வாங்கிப் பைக்கில் கட்டினார். "உங்கம்மாகிட்ட நீயே சொல்லிக்க" என்று பைக்கை உதைத்தார்.