பின்சீட்டு

பிளக்கில் கோளாறு இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் புதுசு மாட்டினேன். வண்டி எப்போது திக்கும், எப்போது திக்காது என்று பிடிபடாதபோது எதையாவது கழற்றி மாட்டுவதுதான் எங்கள் தொழிலில் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் முப்பது வருஷமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். ராசாங்கம் கை வைத்தால் வண்டி பேசும் என்பார்கள். அந்தப் பேச்சுதான் என் வாய்க்கு இவ்வளவு கொழுப்பைக் கொடுத்தது.

வண்டி வாலிகண்டபுரம் தங்கசாமியுடையது. இருபது வருஷப் பழைய பைக். அவர் இறந்து நாலு மாசம்கூட ஆகாத நேரம் அது. மகன் அரவிந்தன் அதை ஓட்டிக்கொண்டு டவுனில் உரக்கடை வேலைக்கு வந்துபோவான். வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று தை மாதமே அவனுக்குப் பூவிழியைக் கட்டிவைத்திருந்தார்கள். வேப்பந்தட்டைப் பெண்.

மாசியில் அவனும் அவளும் வண்டியில் கடைக்கு வந்தார்கள். எப்போதும் பஸ்ஸிலேயே வரும் அவன் அம்மா கொளஞ்சியம்மாளும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

"மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே. நான் தனியா வந்தா ஒண்ணுமில்ல. இவ ஏறுனாதான் திக்குது" என்றான் அரவிந்தன்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு நான்கு ரோடு வரை போய்த் திரும்பினேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. "நல்லாத்தானப்பா இருக்கு" என்றேன்.

அப்போது பூவிழி சொன்னாள்: "அண்ணே, நான் உக்காந்தா சீட்டு எறங்குது. பள்ளத்துல விழுறப்ப அடியில ஏதோ இடிக்குது. இடிக்கிற நேரத்துலதான் வண்டி நிக்கப் பாக்குது."

ஒரு மெக்கானிக்கிடம் யாராலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிளக் எது, காயில் எது என்று தெரியாத பெண் எனக்குச் சொல்ல வந்துவிட்டாளே என்ற இளக்காரம்.

"மாமனாரு வண்டியில்ல தங்கச்சி! மருமவள இன்னும் புடிக்கல போலருக்கு!"

பக்கத்து டீக்கடை கண்ணையன் சிரித்தான். அரவிந்தன் சிரித்தான். பூவிழியும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள். கொளஞ்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் வண்டியின் டேங்கைத் தடவியபடி மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அதன்பிறகு மூன்று தடவை வண்டி வந்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். காயிலை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் தனியாகவே ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். பின்னால் ஆள் ஏறினால் திக்குகிறது என்று சொன்ன வண்டியில் ஒருநாள்கூடப் பின்னால் ஓர் ஆளை ஏற்றிப் பார்க்கவில்லை.

கடைசித் தடவை அரவிந்தன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "அம்மா இவள வண்டியில ஏத்த வேணாங்குதுண்ணே. அப்பாவுக்கு இஷ்டமில்லையாம். நீங்களே அன்னைக்குச் சொன்னீங்களாம்."

'அட, வெளையாட்டுக்குச் சொன்னேன்ப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கோளாறைக் கண்டுபிடிக்க முடியாத எனக்கும் அந்தக் கதை வசதியாக இருந்தது. "பெரியவங்க சொன்னா கேட்டுக்கப்பா, கொஞ்ச நாளைக்கு" என்றேன்.

அடுத்த மாசியில் செயின் மாற்ற அதே வண்டி வந்தது. வேலை முடிந்த நேரத்தில் கண்ணையன், பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டான். நல்ல கனத்த உடம்பு. முதல் வேகத்தடையில் வண்டி திக்கியது. அடுத்ததிலும் திக்கியது. அவனை அங்கேயே இறக்கிவிட்டுக் கடைக்கு வந்து சீட்டைக் கழற்றினேன்.

சீட்டின் தகரம் வண்டியின் உடம்பில் மோதாமலிருக்க நடுவில் இரண்டு ரப்பர் கட்டைகள் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால் தகரம் இறங்கி, சாவியிலிருந்து வரும் வயரை அழுத்தியிருக்கிறது. வயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. அது உடம்பில் உரசும்போதெல்லாம் இன்ஜினுக்குக் கரண்டு போகாது, அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை.

அந்த ரப்பர் கட்டைகளை எடுத்தவன் நான்தான். தங்கசாமி இருந்தபோது கடைசியாகச் சர்வீஸுக்கு வந்த அன்று இரண்டும் கிழிந்திருந்தன. ஒற்றை ஆள் ஓட்டுகிற வண்டிதானே என்று தூக்கிப் போட்டுவிட்டு அப்படியே சீட்டை மாட்டினேன். அதை இவ்வளவு நாள் மறந்தே போயிருந்தேன். கையில் ஸ்பேனரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அரவிந்தன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. "அவ போயி நாலு மாசமாச்சுண்ணே" என்றான்.

ஐப்பசியில் தங்கசாமிக்கு முதல் வருஷத் தெவசம். சாமான் வாங்க இவனும் பூவிழியும் டவுனுக்கு வந்திருக்கிறார்கள். படையல் சாமானோடு வண்டி வழியில் நின்றுவிடக் கூடாது, அவள் பஸ்ஸில் வரட்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். வாழை இலையையும் தேங்காயையும் பின்சீட்டில் கட்டிக்கொண்டு இவன் போயிருக்கிறான். பஸ் ஸ்டாண்டில் நின்ற அவள், வாலிகண்டபுரம் பஸ்ஸை விட்டுவிட்டு வேப்பந்தட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வயரை மாற்றிப் புது ரப்பர் வைத்துவிட்டு, உரிந்த வயர்த் துண்டை ஒரு தாளில் மடித்துக்கொண்டு, அன்றைக்கே அவனை வேப்பந்தட்டைக்கு இழுத்துப் போனேன். பூவிழி வாசலில் மக்காச்சோளம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அரவிந்தன் வண்டியை விட்டு நகரவில்லை. நான்தான் கிட்டே போய் வயரைக் காட்டினேன்.

"தப்பு என்னோடதும்மா. ரப்பர எடுத்தவன் நானு. வாய்க்கு வந்ததச் சொன்னவனும் நானு. அந்தம்மா காலுல விழுந்துகூட இதச் சொல்லிடுறேன். நீ கெளம்பி வா."

அவள் வயரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இதத்தானண்ணே நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள். பிறகு அரவிந்தனுக்கும் கேட்கும்படி, "இந்த வயரு கெடைக்காமப் போயிருந்தா, இவரு இங்க வந்துருப்பாரா?" என்றாள்.

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வெயில்ல வந்துருக்கீங்க, மோரு குடிச்சிட்டுப் போங்க" என்றாள். "எனக்கா வரணும்னு தோணுனா பஸ்லயே வந்துக்குறேன்."

திரும்பும்போது அரவிந்தன் ஓட்ட, நான் அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பள்ளங்கள், வேகத்தடைகள். வண்டி ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. என் வேலை சுத்தமாக நடந்து நான் வருத்தப்பட்டது இந்த முப்பது வருஷத்தில் அன்று ஒருநாள்தான்.