கொரில்லாவுக்குத் தடிமன் பிடிக்கக்கூடாது

குரங்கு பார்க்கவா உகண்டாவுக்குப் போவது என்று நான் இரண்டு வருடம் முரண்டு பிடித்தேன். என் மனைவி நிரோஜினி விடவில்லை. நாங்கள் இருக்கும் சில்க்போர்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், ஓய்வு கிடைத்தால் அந்த நாட்டு மழைக்காட்டைப் பற்றித்தான் படிப்பாள். மூன்று கொம்புப் பச்சோந்தி, துராக்கோ என்ற நீலப் பறவை, கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்கு எல்லாம் அவளுக்குக் கறிவகை. சோறு என்றால் கொரில்லாதான். குட்டியை மடியில் வைத்திருக்கும் தாய்க் கொரில்லாவை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

புறப்படுவதற்கு முதல்நாள் அவளுக்கு இருமலும் தும்மலுமாகத் தடிமன் பிடித்தது. நம்முடைய தடிமன் தொற்றினால் கொரில்லா செத்தும் போகலாம். அதனால் இருமுகிறவர்களை அங்கே கிட்ட விடமாட்டார்கள். எனக்கு அதைப் படித்துக் காட்டியவளே அவள்தான்.

"இருமலை அடக்க ஒரு குளிசையைப் போட்டுக்கொண்டு வாரும். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே," என்றாள். "இருமிக்கொண்டு நான் ஒரு வயசாளியின்ரை அறைக்குள்ளயே போகமாட்டன். குட்டியோட இருக்கிற தாய்க்குக் கிட்டப் போவனோ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆசைப்பட்டதை ஒரு இருமலுக்காக யாராவது கைவிடுவார்களா? அவளோ டிக்கெட் வீணாகக்கூடாது, நீங்களாவது போங்கள் என்று தன் கமராவை என் பைக்குள் வைத்தாள். தாயின் முகத்தை மட்டும் வடிவாகப் படமெடுத்து வரச் சொன்னாள். நான் காரில் ஏறுமுன்பே கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே போய் அழுதிருப்பாள்.

அடுத்த வாரம் நான் திரும்பி வந்ததும், தேநீரை ஆறவிட்டுவிட்டுக் கமராவோடு உட்கார்ந்தாள். பச்சோந்தியைப் பார்த்துச் சிரித்தாள். துராக்கோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கிளையில் வரிசையாக இருந்த கொலோபஸ் குரங்குகளோடு படங்கள் முடிந்துவிட்டன.

"கொரில்லா எங்கை?"

"இதெல்லாம் விடுதிக்குப் பக்கத்தில எடுத்தது. காட்டுக்குள்ள போறதுக்கு இருந்த அண்டைக்கு விடிய எனக்கும் இருமல் தொடங்கிட்டுது."

"குளிசை கொண்டு போனனீங்கள்தானே?"

"ஓம். போடேல்லை. வழிகாட்டியிட்டை நானே சொல்லிப்போட்டன்."

அவளுடைய முகம் வாடிப்போனது. கமராவை மூடி மடியில் வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அப்ப அந்தத் தாயும் குட்டியும் சுகமா இருக்கும்," என்றாள்.