கொக்கியின் மேல் பாரம்

என் கணவர் மேர்வின் வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோவதென்றால் முதலில் கழுவுவார். கழுவுவதற்கு முன் உள்ளே கிடக்கும் கயிறு, வாளி, சாக்கு எல்லாவற்றையும் இறக்கி வைப்பார். ஊத்தை வண்டியைக் கொடுத்தால் மெக்கானிக்கும் ஊத்தை வேலைதான் செய்வான் என்பது அவருடைய எண்ணம். பின்பக்க ஸ்பிரிங் மாற்றுவதற்காக எங்கள் கெப் வண்டியை லிங்கநகரில் என் அண்ணன் ஜக்சனின் கராஜில் விட்டபோதும், அது ஞாயிறு பூசைக்குப் போகிற பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டுதான் போனது.

அது படகு இழுக்கிற வண்டி. வாடைக்காற்று தொடங்கினால் திருகோணமலைப் பக்கத்துக் கடல் குழம்பிவிடும். அப்போது படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் தங்கள் படகுகளைத் தரைவழியாக மேற்குக் கரைக்கு, கற்பிட்டிப் பக்கம் அனுப்புவார்கள். கெப்பின் பின் கொக்கியில் ட்ரெயிலரைக் கொழுவி, அதில் படகை ஏற்றி, நாட்டைக் குறுக்கே கடந்து இழுத்துப் போவதுதான் மேர்வினின் தொழில். பல வருடம் இழுத்ததில் பின் ஸ்பிரிங் பிளேட்டுகள் தளர்ந்து, வண்டி குந்திக்கொண்டு நின்றது. அண்ணன் புது பிளேட்டும் புது சொக் அப்சோபரும் போட்டார். துறைமுக வீதியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இனி யானையையும் இழுக்கலாம்" என்றார்.

யானை வரவில்லை. முத்தலிப் நானா என்கிற சம்மாட்டியின் படகு வந்தது. அதைக் கொழுவியதும் வண்டியின் வால் மறுபடி தாழ்ந்தது. இருட்டின பிறகு முன் லைற் தென்னை உச்சியைக் காட்டிக்கொண்டு போனது. எதிரே வந்த லொறிக்காரர் ஒவ்வொருவரும் லைற்றை அடித்து அடித்து ஏசிவிட்டுப் போனார்கள். கந்தளாய்க்குக் கிட்ட ஒரு வளைவில் மேர்வின் ஸ்ரியரிங்கைத் திருப்பினார். வண்டி திரும்பாமல் நேரே போய், பிறகுதான் மனம் மாறியது போலத் திரும்பியது. எதிரே வந்த பஸ் மண்ணில் இறங்கித் தப்பியது. பின்னால் தன் வானில் வந்துகொண்டிருந்த முத்தலிப் நானா எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

ஊர் திரும்பிய அடுத்த நாள் விடிய மேர்வின் மீன் சந்தையில் நின்று கதை சொல்லத் தொடங்கினார். "என்ர மச்சான் பழைய பிளேட்டுக்குக் கறுப்புப் பெயின்ற் அடிச்சுப் பூட்டித் தந்தவர். சொந்தக்காரன் எண்டு நம்பினனான்." இந்தக் கதையைச் சந்தையில் கேட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டு றிஸ்னா எனக்குச் சொன்னபோது அதில் பெயின்ற் மட்டும் இல்லை, அண்ணன் எங்கள் வண்டியின் நல்ல பிளேட்டைக் கழற்றி விற்ற கதையும் சேர்ந்திருந்தது. அண்ணனின் கராஜுக்கு வந்துபோன இரண்டு ஐஸ் லொறிகளும் வேறு இடம் பார்த்தன. கோயில் வாசலில் அண்ணன் என்னோடு மட்டும் கதைத்தார். மேர்வின் பக்கத்தில் வந்து நின்றதும் அதுவும் நின்றது.

பிறகு மேர்வின் வண்டியைக் கழுவினார். கந்தளாயில் அர்ஷாக் என்றொருவர் லொறி ஸ்பிரிங் வேலை செய்கிறார். அங்கே போய் இரண்டு பக்கமும் தடித்த லொறிப் பிளேட்டுகளைச் செருகச் சொன்னார். நானும் கூடப் போனேன். அங்கே கிடந்த நீட்டு வாங்கில் உட்கார்ந்து முழு வேலையையும் பார்த்தேன். என்ன இழுக்கிற வண்டி என்று அர்ஷாக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும்போது வண்டி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. றோட்டில் கிடந்த ஒவ்வொரு பள்ளமும் என் முள்ளந்தண்டில் வந்து இடித்தது.

"இது எப்பிடி?" என்றார் மேர்வின்.

"மாட்டு வண்டில் இதைவிட நல்லம்" என்றேன்.

அன்றிலிருந்து வீட்டில் சோறு கேட்பதற்கு மட்டும்தான் வாய் திறந்தார்.

வாடை கிட்ட வந்தது. முத்தலிப் நானாவுக்கு ஆறு படகு அனுப்ப வேண்டும். அந்த வேலை கிடைத்தால்தான் எங்களுக்கு அந்த வருடம் ஓடும். அவர் ஆள் விட்டுச் சொன்னார்: தன் கண் முன்னால் படகைக் கொழுவி, சீனக்குடா வரை இழுத்துக் காட்ட வேண்டும். வண்டி சொல்வழி கேட்டால் ஆறும் மேர்வினுக்கு. கேட்காவிட்டால் புத்தளத்து ஆள் ஒருவன் தயாராக இருக்கிறான். இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்: "மச்சானையும் கூட்டி வரச் சொல்லு. ரெண்டு பேரும் ஊரெல்லாம் கதைக்கிறத ஒரு இடத்துல கதைக்கட்டும்."

அண்ணனைக் கூப்பிட நான்தான் போனேன். "என்ர பேருக்காக வாறன். உன்ர மனுசனுக்காக இல்லை" என்றார்.

கடற்கரையில் நானாவின் மீன் வாடியில் படகு ஏற்கெனவே ட்ரெயிலரில் ஏறியிருந்தது. கயிறு, வலை, எஞ்சின், எண்ணெய்க் கலன், ஐஸ் பெட்டி எல்லாம் உள்ளே இருந்தன. மேர்வின் கையைக் கட்டிக்கொண்டு கெப்பில் சாய்ந்து நின்றார்.

"வாரும், மெக்கானிக் ஐயா. பெயின்ற் டின் கொண்டுவந்தனீரோ?"

"உனக்குப் பூச ஒரு டின் காணாது" என்றார் அண்ணன்.

அவர் முதலில் முன்பக்கம் போனார். முன் ரயருக்கும் மேலே இருந்த மட்கார்டுக்கும் இடையில் கை விரல்களை வைத்து அளந்தார். பிறகு படகைக் கொழுவச் சொன்னார். கொழுவியதும் மறுபடி அளந்தார். முன்பு மூன்று விரல் நுழைந்த இடத்தில் இப்போது ஒரு முழுக் கை நுழைந்தது.

"முன் சில்லு நிலத்தில நிக்கேல்லை, தொட்டுக்கொண்டிருக்குது. ஸ்ரியரிங் எப்பிடிப் பிடிக்கும்?"

"ஸ்பிரிங் நல்லதெண்டால் பிடிக்கும்" என்றார் மேர்வின்.

அண்ணன் பின்பக்கம் போய்ச் சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே படுத்தார். பிறகு கீழே இருந்தே கேட்டார்.

"இது ஆற்ற வேலை?"

"உம்மட வேலை."

"என்ர பிளேட் இஞ்ச கிடக்குது. நடுவில ரெண்டு லொறிப் பிளேட் செருகியிருக்குது. போல்ட்டும் புதுசு. நான் போட்டது இல்லை."

"நீர் தந்தது இப்பிடித்தான்."

அண்ணன் வெளியே வந்து எழும்பினார். முழங்கால் மண்ணைக்கூடத் தட்டவில்லை. "நானா, கேளுங்கோ. இவர் இந்த வண்டியை வேற ஒருத்தனிட்டக் கொண்டுபோய்ப் பிரிச்சுப் பூட்டியிருக்கிறார். அதை இவற்ற வாயால சொல்லட்டும். சொன்னால் மிச்சத்தைப் பாக்கிறன். சொல்லாட்டி இந்த வண்டியில கை வைக்கமாட்டன். றோட்டில கவிழட்டும்."

"தம்பி, வேற கராஜுக்குப் போனியா?" என்று கேட்டார் முத்தலிப் நானா.

"இல்லை நானா."

"உண்மையா?"

"உண்மையா."

அண்ணன் சாக்கைச் சுருட்டினார். நானா சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார். புத்தளத்து ஆளின் இலக்கத்தைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மேர்வினுக்கும் தெரிந்தது. ஆனாலும் அவர் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார். ஆறு படகும் போகட்டும், ஜக்சன் முன்னால் வாய் திறக்கமாட்டேன் என்று அந்த நிற்பில் எழுதியிருந்தது.

"கந்தளாய்க்குப் போனவர் நானா" என்றேன். "அர்ஷாக்கிட்ட. நானும் கூடப் போனனான். பிளேட் செருகினதை வாங்கில இருந்து பாத்தனான்."

மேர்வின் திரும்பினார். "நீ ஆற்ற பக்கம்?"

"பஸ்ஸுக்குள்ள போய்ச் செருகாத பக்கம்."

"வீட்ட வா."

"வீடும் இந்த வண்டியாலதான் நடக்குது."

அண்ணனின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் கோபம் வந்தது. "நீங்கள் சிரிக்காதேங்கோ அண்ணா. நீங்களும் வெறும் வண்டியைத்தானே ஓட்டிப் பாத்தனீங்கள்? என்ன இழுக்கிறது, எப்பிடி ஏத்துறது எண்டு ஒரு வார்த்தை கேட்டனீங்களே? துறைமுக வீதியில சும்மா ஓடிப்போட்டு யானையாம்!"

முத்தலிப் நானா பெரிதாகச் சிரித்து, போனைப் பைக்குள் போட்டார். "தங்கச்சி சரியாத்தான் சொல்லுது. ஏறிப் பாரு ஜக்சன் தம்பி."

அண்ணன் படகுக்குள் ஏறினார். ஈர வலை முழுவதும் அணியத்தில், படகின் மூக்கில், குவிந்து கிடந்தது. அதன் மேல் எண்ணெய்க் கலன்கள். அதற்குப் பக்கத்தில் கழற்றிய எஞ்சின். படகும் ட்ரெயிலரின் முன் தூணில் மூக்கு இடிக்கும் வரை இழுத்து ஏற்றப்பட்டிருந்தது.

"நானா, மீன் நிறுக்கிற தராசு வேணும்."

முள் வைத்த தரைத் தராசைக் கொண்டுவந்து கொக்கிக்குக் கீழே வைத்தார்கள். ட்ரெயிலரைக் கழற்றி, அதன் மூக்கைப் பலகை வைத்துத் தராசின் மேல் இறக்கினார்கள். முள் சர்ரென்று ஓடி, இலக்கம் முடிகிற இடத்தில் முட்டி நின்றது. சுற்றி நின்ற ஆட்கள் பெரிய மீன் ஏறியது போல விசில் அடித்தார்கள்.

"மொத்தப் பாரத்தில பத்தில ஒண்டு கொக்கியில நிண்டால் காணும்" என்றார் அண்ணன். "இது இரண்டு மடங்குக்கும் மேல. வாலை அமத்த, தலை தூக்குது. பிளேட் செருகினால் வால் நிமிரும், முன் சில்லை விட்டுப் போன பாரம் திரும்பி வராது. நூறு பிளேட் செருகினாலும் வராது." பிறகு மேர்வினைப் பார்த்தார். "ஏன் வலையை அணியத்தில போட்டனீ?"

"எங்கட அப்பா அப்பிடித்தான். வலை கடையாரில கிடந்தால் அது தொழிலை விட்டுப் போற படகு."

கடையார் என்பது படகின் பின்பக்கம். மேர்வினின் தகப்பன் தன் படகைக் கரையில் எங்கே நகர்த்தினாலும் வலையை முன்னால்தான் வைப்பார். அது நான் கலியாணம் முடித்து வந்த நாளில் இருந்து பார்த்தது. ஆனால் அவர் அந்தப் படகைக் கையால் தள்ளினார், கெப்பில் கொழுவவில்லை.

"இது என்ர படகு" என்றார் முத்தலிப் நானா. "என்ர வலை. அது எங்க கிடந்தா எனக்கென்ன? தலையில வெச்சுக்கிட்டுப் போறண்டாலும் போ, தம்பி. ஒழுங்காப் போய்ச் சேந்தாக் காணும்."

"நடுவிலயும் வைக்கலாம்" என்றார் அண்ணன். "சில்லுக்கு மேல. கடையாரும் இல்லை, அணியமும் இல்லை. உன்ர அப்பாவும் கோவிக்கமாட்டார்."

"என்ர அப்பாவைப் பற்றி நீர் கதைக்கத் தேவையில்லை."

ஆனாலும் வலையைத் தூக்க மேர்வின்தான் முதலில் ஏறினார். வேறு யாரும் அதைத் தொடுவது அவருக்குப் பிடிக்கவில்லை போலும். வலை, எஞ்சின், கலன் எல்லாம் ட்ரெயிலர்ச் சில்லுக்கு மேலே வந்தன. படகையும் கயிறு தளர்த்தி இரண்டு முழம் பின்னுக்கு விட்டார்கள். தராசு முள் இந்தமுறை பாதி வழியில் நின்றது. கொழுவிய பிறகு அண்ணன் முன் ரயரில் விரல் வைத்தார். மூன்றரை விரல்.

சீனக்குடாவுக்குப் போனோம். மேர்வின் ஓட்டினார். நானா பக்கத்தில் இருந்தார். அண்ணனும் நானும் பின் சீற்றில். ஸ்ரியரிங் திரும்பினால் வண்டி திரும்பியது, பிறேக் அடித்தால் நேரே நின்றது. ஆனால் லொறிப் பிளேட்டுகள் பள்ளத்துக்குப் பள்ளம் எங்களைத் தூக்கி எறிந்தன. ஒரு இடத்தில் நானாவின் தொப்பி கூரையில் பட்டுக் கழன்றது.

"அந்த ரெண்டு பிளேட்டையும் கழட்ட வேணும்" என்றார் அண்ணன், யன்னலுக்குச் சொல்வது போல.

"அதாலதான் வண்டி இப்ப நிமிந்து நிக்குது" என்றார் மேர்வின், கண்ணாடிக்கு.

வாடிக்கு வந்து இறங்கியதும் முத்தலிப் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். "ஆறு படகும் ஒங்களுக்குத்தான். ஆனா அந்தப் பிளேட் கழரோணும். மத்தது, முதல் படகோட ஜக்சன் தம்பியும் கற்பிட்டிக்குப் போகோணும். வழியில என்ன ஆனாலும் பாக்க ஒரு ஆள் வேணும்."

"நான் இந்தாளோட ஏறமாட்டன்" என்றார் அண்ணன்.

"நான் ஏத்தமாட்டன்" என்றார் மேர்வின்.

"இதுல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒத்துமை. சரி, புத்தளத்து ஆளைக் கூப்பிடுறன்" என்று நானா மறுபடி பைக்குள் கை விட்டார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கெப்பைப் பார்த்தேன். மேர்வின் கெப் திறப்பைச் சாவிக் கொத்தோடு அண்ணனின் கையில் கொடுக்காமல், கெப்பின் மூக்கில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அண்ணன் அதை எடுத்தார்.

லிங்கநகரில் லொறிப் பிளேட்டுகளைக் கழற்ற மாலை வரை சென்றது. மேர்வின் ஜாக்கியைப் பிடித்தார், அண்ணன் போல்ட்டைத் திருகினார். "பிடி", "விடு", "உதில்லை, மற்றது" என்பவை தவிர ஒரு கதையும் இல்லை. கடைசியில் மேர்வின் தண்ணீர்க் குழாயைத் தேடினார். "கழுவினாயெண்டால் நான் வரமாட்டன்" என்றார் அண்ணன். குழாய் கீழே விழுந்தது.

பயணத்துக்கு நானும் போனேன். நான் இல்லாவிட்டால் இரண்டு பேரில் ஒருவர்தான் கற்பிட்டி போய்ச் சேருவார் என்று நானா பகிடியாகச் சொன்னார். எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை.

கந்தளாய் வரை இருவரும் என் மூலம்தான் கதைத்தார்கள்.

"உன்ர அண்ணனிட்டச் சொல்லு, யன்னலை உயர்த்தச் சொல்லி. புழுதி வருது."

"உன்ர மனுசனிட்டச் சொல்லு, ரயர் சூட்டைப் பாக்க ஒருக்கா நிப்பாட்டச் சொல்லி."

"சொல்லு, இது அவற்ற வண்டி இல்லையெண்டு."

"சொல்லு, பஸ் இடிச்சிருந்தால் ஆற்ற வண்டியும் இல்லையெண்டு."

அந்த வளைவு வந்தது. மேர்வினின் தோள் இறுகியதைப் பின்னால் இருந்து பார்த்தேன். எதிரே ஒரு லொறி. அவர் திருப்பினார். வண்டி திரும்பியது, படகும் பின்னால் திரும்பியது. லொறிக்காரன் லைற் அடிக்கவில்லை, எங்களைக் கவனிக்கவேயில்லை.

கொஞ்சத் தூரம் போனபின் மேர்வின், "உன்ர அண்ணனிட்டச் சொல்லு..." என்று தொடங்கினார்.

"நான் இனி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றேன். "வாய் இருக்குது, கதையுங்கோ."

பிறகு மேர்வின் தலையைத் திருப்பாமல் கேட்டார். "சந்தையில நான் சொன்னதுக்கு என்ன செய்யச் சொல்லுறீர்?"

"அதே சந்தையில, அதே ஆக்களுக்கு, அதே சத்தத்தில திருப்பிச் சொல்ல வேணும்."

"ஏலாது."

"ஏலாதெண்டால் அடுத்த படகுக்கு வேற ஆளைப் பார்."

"நீர் வெறும் வண்டியை ஓட்டிப் பாத்ததையும் சேத்துச் சொல்லுவன்."

"சொல்லு. நீ லொறிப் பிளேட் செருகினதை முதல்ல சொல்லு."

"ஆர் முதல்ல எண்டு நீர் ஆர் சொல்ல?"

ஹபறணை வரும் வரைக்கும் யார் எதை முதலில் சொல்வது என்று இருவரும் தொண்டை கிழிய ஏசிக்கொண்டு வந்தார்கள். நான் யன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன்.